வங்கிக் கடிதத்தில் வரும் ‘அக்ரூ’

திருகோணமலையில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம் ஒரு கட்டாவது இருக்கும். ஓட்டோ லீசிங் ஒப்பந்தம், நிலையான வைப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கூற்று, மகனின் நியமனக் கடிதம். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். முழுதாக வாசித்தவர்கள் குறைவு. இந்தக் காகிதங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வினைச்சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அந்தச் சொல் ‘அக்ரூ’ (accrue), காலம் போகப் போகத் தானாகச் சேர்வது என்று பொருள்.

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் சின்ன வகுப்பு ஒன்று நடக்கிறது. உயர்தரத்தில் கணக்கீடு படித்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள் வருகிறார்கள். பாலையூற்றிலிருந்தும் அன்புவழிபுரத்திலிருந்தும் சைக்கிளில் வருவார்கள், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். தமிழில் படித்தவர்கள். ‘அட்டுறு செலவு’, அதாவது ஏற்பட்டும் இன்னும் காசு கொடுக்காத செலவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பேரேட்டில் பதிவார்கள். அதே விஷயம் அலுவலகத்தில் ஆங்கில மின்னஞ்சலாக வந்து நின்றால் கை தயங்குகிறது. ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்த காலத்தில் நான் கண்டதும் இதுதான். கணக்கு தெரியாமல் தடுமாறியவர்களைவிட, கணக்கைச் சொல்லும் வசனம் புரியாமல் தடுமாறியவர்களே அதிகம்.

ஆனால் இந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள வேண்டியவர்கள் கணக்குப் பிள்ளைகள் மட்டும் இல்லை. நிலாவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணா படகு வைத்திருக்கிறார், புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போய் வருவார். நம் பக்கத்துச் சீசன் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை. கடல் அமைதியாக இருக்கும் அந்த மாதங்களில் உழைத்ததை வைத்துத்தான் மாரி காலத்தைத் தள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 21இல் குண்டுகள் வெடித்தன, சீசன் தொடங்க நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வெளிநாட்டுக்காரர் ஒருவரும் வரவில்லை. அதிலிருந்து தலை நிமிர்த்த முதல் 2020இல் கொரோனா. இரண்டு முறையும் சுற்றுலாத் தொழிலில் இருந்தவர்களுக்குக் கடன் தவணைகளைத் தள்ளிவைக்கச் சலுகை வந்தது. அவரும் எழுதிக் கொடுத்து எடுத்தார். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. ‘கிரேஸ் பீரியட்’ என்ற இடம் அவருக்கு விளங்கியது. அதற்கு அடுத்த வரியில் இப்படி இருந்தது: ‘இன்டரஸ்ட் ஷல் கன்டினியூ டு அக்ரூ ஒன் தி அவுட்ஸ்டாண்டிங் பெலன்ஸ்.’

சலுகைக் காலம் முடிந்து கணக்கைப் பார்க்கப் போனால் கடனின் முதல்தொகை கூடியிருக்கிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“டீச்சர், நான் ஒரு சதமும் புதுசா எடுக்கேல்ல. பிறகு எப்படிக் கூடும்?”

அந்த வரியை அவருக்கு முன்னால் வைத்துச் சொல் சொல்லாகப் பிரித்தோம். தவணை தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை. ‘கன்டினியூ டு அக்ரூ’ என்றால் வழமைபோல ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஒன் தி அவுட்ஸ்டாண்டிங் பெலன்ஸ்’ என்றால் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதன் மேல். படகும் வெளிஇணைப்பு இயந்திரமும் வாங்கின கடனில் 6 இலட்சம் மிச்சம், வட்டி ஆண்டுக்கு 14 வீதம் என்று ஒரு உதாரணம் எடுத்தோம். ஆண்டுக்கு 84,000 ரூபா, மாதத்துக்கு 7,000. ஒரு நாளைக்கு 230 ரூபா 14 சதம். படகு கரையில் கிடந்தாலும், ஊரடங்கில் அவர் வீட்டுக்குள் இருந்தாலும், தைப்பொங்கல் அன்றும், அந்த 230 ரூபா எழுதப்படும். ஆறு மாதத்தில் 42,000. அதைத் தூக்கி முதலோடு சேர்த்துவிட்டால் முதல் 6 இலட்சத்து 42 ஆயிரம். அதன் பிறகு மாத வட்டி 7,000 இல்லை, 7,490. அந்த மேலதிக 490 ரூபாதான் வட்டிக்கு வட்டி.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைப் பலர் தவற விடுகிறார்கள். வட்டி ‘அக்ரூ’ ஆவது ஒரு விஷயம், அது முதலோடு சேர்வது இன்னொரு விஷயம். இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் ‘கெப்பிட்டலைஸ்’ என்ற சொல் வரும். ‘அக்ரூ’ என்று மட்டும் இருந்தால் வட்டி தனியாக ஒரு பக்கத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது. ‘கெப்பிட்டலைஸ்’ என்ற சொல்லும் வந்தால் அன்றிலிருந்து வட்டிக்கும் வட்டி ஓடும். கடிதத்தில் முதலாவது சொல்லைக் கண்டால் இரண்டாவது சொல் எங்கே என்று தேடிப் பாருங்கள். அண்ணாவின் கடிதத்தில் அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

நாட்டுக்கும் இதே கதைதான். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. நின்றது கொடுப்பனவு மட்டும். கொடுக்காமல் விட்ட வட்டி சேர்ந்துகொண்டே வந்தது. 2024 டிசம்பரில் பழைய பிணைமுறிகளுக்கு, அதாவது அரசு கடன் வாங்கக் கொடுத்த பத்திரங்களுக்குப் பதிலாகப் புதியவை கொடுத்தபோது, அந்த நிலுவை வட்டிக்கென்றே தனியாக ஒரு பிணைமுறி இருந்தது. அப்போதைய ஆங்கிலப் பத்திரிகைச் செய்திகளை எடுத்து வாசித்தால் நம் சொல் அடிக்கடி தட்டுப்படும்.

சரி, வகுப்புக்கு வருவோம். ‘அக்ரூ’ வைத்து ஒரு வசனம் எழுதுங்கள் என்றால் பெரும்பாலான பிள்ளைகள் ‘ஐ அக்ரூட் மனி இன் த பேங்க்’ என்று எழுதுவார்கள். நான் வங்கியில் பணம் சேர்த்தேன் என்று சொல்ல நினைத்திருக்கிறார்கள். இலக்கணப் பிழை என்று அடித்துவிட முடியாது, அகராதியில் அந்தப் பயன்பாடும் இருக்கிறது. ஆனால் ஆங்கிலக்காரர் அந்த இடத்தில் ‘சேவ்’ என்றோ ‘அக்யூமுலேட்’ என்றோதான் சொல்வார். காரணம், ‘அக்ரூ’வுக்கு இயல்பான எழுவாய் ஆள் இல்லை. வட்டிதான் எழுவாய். லீவுதான் எழுவாய். உரிமை, நன்மை, தண்டப்பணம், இவைதான் எழுவாய். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது காலம் போகப் போகத் தானாக வந்து சேர்வதற்குத்தான் அந்தச் சொல். லத்தீனில் ‘வளர்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது, ‘இன்கிரீஸ்’, ‘கிரெசன்ட்’ இரண்டும் அதற்கு உறவு.

சிறுதுளி பெருவெள்ளம்தானே டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். பாதி சரி. அந்தப் பழமொழியை நாம் சொல்வது யாராவது உண்டியலில் காசு போடும்போது. சிறுகச் சிறுகப் போடுகிற கை ஒன்று அங்கே இருக்கிறது. ‘அக்ரூ’வில் அந்தக் கை இல்லை, நாட்காட்டி மட்டும்தான். நம் பேச்சில் அதற்குச் சரியான வசனம் ஏற்கனவே இருக்கிறது. அடகு வைத்த சங்கிலியைப் பற்றிக் கதைக்கும்போது அம்மாமார் சொல்வார்களே, “கெதியாப் போய் மீட்டு எடு பிள்ளை, வட்டி ஓடுது” என்று. வட்டி எழுவாய், ஓடுது வினை, ஆளைக் காணோம். இந்த வசனத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘இன்டரஸ்ட் இஸ் அக்ரூயிங்’ புதிய இலக்கணம் இல்லை.

அதன் பிறகு கரும்பலகையில் சுற்றிவரச் சின்னச் சொற்களை எழுதுவேன். ‘ஒன்’ வந்தால் எதன் மேல் ஓடுகிறது என்று தெரியும், கடனின் மேலா, பிந்திய தவணையின் மேலா, இரண்டின் மேலுமா. ‘டு’ வந்தால் யாருக்குப் போய்ச் சேர்கிறது. ‘ஃப்ரம்’ வந்தால் எந்தத் திகதியிலிருந்து, அல்லது எதிலிருந்து. ‘அட்’ வந்தால் என்ன வீதம். ஒரு கடன் ஒப்பந்தத்தில் இந்த நாலும் எங்கே இருக்கின்றன என்று விரலை வைத்துக் காட்டச் சொல்வேன். ‘ஃப்ரம்’ பல சமயம் காசு கைக்கு வந்த நாளிலிருந்து என்று இருக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த நாளிலிருந்து என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் இரண்டு கிழமை இருந்தால் அந்த இரண்டு கிழமை வட்டி யாருடையது? கேட்கிற கேள்வியே இந்த ஒரு முன்னிடைச்சொல்லில்தான் இருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு தம்பி வட்டியில்லாத முறையில் இயங்கும் நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். “எங்கட இடத்தில வட்டியே இல்லையே டீச்சர், இந்தச் சொல் எங்களுக்கு வராதே” என்றான். வரும் மகன் என்றேன். ‘அக்ரூ’ வட்டிக்கு மட்டும் எழுதி வைத்த சொல் இல்லை. முதலீட்டில் வரும் இலாபம் பங்காளிகளுக்குச் சேர்வதையும் ‘புரொஃபிட்ஸ் அக்ரூ டு த பார்ட்னர்ஸ்’ என்று எழுதலாம். வீட்டு வாடகையும் ‘அக்ரூ’ ஆகும். அடுத்த வகுப்புக்குத் தன் நிறுவனத்து ஆண்டறிக்கையைக் கொண்டு வந்தான், பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தான். அன்றைய பாடத்தை அவனே நடத்தினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் ‘இன்கர்’. அதில் ஆள் இருக்கிறார். கடனை, செலவை, தண்டத்தை நீங்கள் ‘இன்கர்’ பண்ணுகிறீர்கள், அதாவது உங்கள் செயலால் அதைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். தவணையைத் தவறவிட்டால் நீங்கள் தண்டத்தை ‘இன்கர்’ பண்ணுகிறீர்கள், அந்தத் தண்டத்தின் மேல் நாளுக்கு நாள் வட்டி ‘அக்ரூ’ ஆகும். லீசிங் ஒப்பந்தங்களில் இந்த இரண்டும் ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தூசி, குப்பை, புத்தகம் எல்லாம் ‘அக்யூமுலேட்’ ஆகுமே தவிர ‘அக்ரூ’ ஆகாது. அது போதும்.

கணக்குப் பிரிவுக்குள் வந்தால் மட்டும் நிலைமை மாறுகிறது. அங்கே ஆள் எழுவாயாக வந்துவிடுவார். எங்கள் கம்பெனியின் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். மார்ச் மாதம் எரித்த மின்சாரத்துக்கு பில் ஏப்ரலில் வரும், புதுவருட லீவு முடிந்து வருவதும் உண்டு. காசு கொடுக்கவில்லை, பில்லும் வரவில்லை, ஆனால் மின்சாரம் எரிந்து முடிந்தது. அந்தச் செலவு எந்த ஆண்டுக்குரியது? மார்ச்சுக்கு முடிந்த ஆண்டுக்கு. ஆகவே மதிப்பிட்டு, மின்கட்டணக் கணக்கை வரவு (டெபிட்) வைத்து, அட்டுறு செலவுக் கணக்கைச் செலவு (கிரெடிட்) வைக்கிறோம். ஆங்கிலத்தில் மனேஜர் கேட்பார்: ‘ஹேவ் யூ அக்ரூட் த இலெக்ட்ரிசிட்டி?’ இங்கே மின்சாரம் செயப்படுபொருள், நீங்கள் எழுவாய். பண்டகசாலைக் காவல் கூலிக்கும், கணக்காய்வாளர் கட்டணத்துக்கும், ஊழியர் எடுக்காமல் விட்ட லீவுக்கும் இதே வசனம்தான்.

இதைத்தான் உயர்தரத்தில் அட்டுறு எண்ணக்கரு என்று படிக்கிறோம். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 1 காசுப்பாய்ச்சல் கூற்றைத் தவிர மற்ற நிதிக்கூற்றுகளை அட்டுறு அடிப்படையில்தான் தயாரிக்க வேண்டும் என்கிறது. பாடமாக்கி எழுதும் பிள்ளைக்கு இது ஒரு வரி. மார்ச் 31 இரவு எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருந்து, இன்னும் வராத பில்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதின ஆளுக்கு அந்த வரியின் பெறுமதி தெரியும். காசு கை மாறின நாளை மட்டும் பார்த்தால் ஒரு நிறுவனம் தான் உண்மையில் உழைத்ததா, கடன்பட்டதா என்று அறியவே முடியாது. கணக்கீட்டில் எனக்கு மிகவும் பிடித்த எண்ணக்கரு இது. நேர்மையான எண்ணக்கரு.

நமக்குச் சாதகமாக ஓடுவதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் சம்பளச் சீட்டில் கழிவைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், 3,200 ரூபா. தொழில்கொள்வோர் தன் பங்காக 12 வீதம், 4,800 ரூபா போடுகிறார். மாதம் 8,000. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுவதும் தொழில்கொள்வோருடைய காசு. பணிக்கொடை இன்னும் அமைதியாகச் சேர்வது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், 5 வருடம் பூர்த்தி செய்து விலகினால் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 60,000 என்று 10 வருடத்தில் விலகினால் 3 இலட்சம். நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு விலகினால் அந்தச் சட்டப்படி ஒன்றும் இல்லை. பிரதான வீதிக் கடை ஒன்றில் கணக்கெழுதிய ஒரு பெண்பிள்ளை ஐந்தாவது வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கையில் விலகப் போவதாகச் சொன்னாள். நியமனக் கடிதத்தை எடுத்து வரச் சொல்லி அந்தப் பந்தியை இருவருமாக வாசித்தோம். பொறுத்து இருந்து, வாங்கிக்கொண்டு விலகினாள்.

நிலையான வைப்பிலும் இதைக் கவனிக்க வேண்டும். 5 இலட்சத்தை 12 வீதத்துக்கு ஒரு வருடம் போட்டு, முதிர்வில் வட்டி எடுப்பதாக எழுதிக் கொடுத்தால், நாலாம் மாத முடிவில் கூற்றில் ‘அக்ரூட் இன்டரஸ்ட்’ என்று 20,000 அளவில் காட்டலாம். அது உங்கள் பெயரில் சேர்ந்த தொகை, இன்னும் உங்கள் கையில் உள்ள தொகை இல்லை. இடையில் உடைத்தால் வங்கி பெரும்பாலும் குறைந்த வீதத்தில் திருப்பிக் கணக்குப் பார்க்கும், 20,000 அப்படியே வராது. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரியும் கழிகிறது. 2022இல் திறைசேரி உண்டியல் (அரசின் குறுங்காலக் கடன் பத்திரம்) வட்டி 30 வீதத்தைத் தாண்டியபோது, நம் ஊரிலும் பலர் பழைய வைப்பை உடைத்துப் புதிதாகப் போட ஓடினார்கள். உடைப்பதால் இழப்பது எவ்வளவு, புது வீதத்தால் கிடைப்பது எவ்வளவு என்று எழுதிப் பார்த்தவர்கள் சரியான முடிவு எடுத்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது ‘இன்றைய திகதிக்கு அக்ரூட் இன்டரஸ்ட் எவ்வளவு, உடைத்தால் எவ்வளவு’ என்ற இரண்டு கேள்விகள்தான்.

அடகுக்கும் அதே கேள்வி. ஒரு இலட்சம் ரூபாவுக்கு 18 வீதத்தில் வைத்தால் ஒரு நாளைக்கு 49 ரூபா 32 சதம். சம்பளம் 25ஆம் திகதி வருகிறது, மீட்க அடுத்த மாதம் பத்தாம் திகதி போகலாம் என்று இருந்தால் அந்தப் பதினைந்து நாளுக்கு 740 ரூபா. சில இடங்களில் நாள் கணக்கு, சில இடங்களில் மாதம் தொடங்கினால் முழு மாத வட்டி. சீட்டில் ‘அக்ரூஸ் டெய்லி’ என்று இருக்கிறதா, ‘மன்த் ஓர் பார்ட் தேரொஃப்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திகதியைத் தீர்மானியுங்கள். நாள் கணக்கு என்றால் இன்றே போவது நல்லது. மாதக் கணக்கு என்றால் அடுத்த மாதம் தொடங்குவதற்கு முந்தின நாளாவது போய்விட வேண்டும்.

சட்ட ஆங்கிலத்தில் இந்தச் சொல் கொஞ்சம் வேறு மாதிரி. வழக்குப் போடும் உரிமை ‘அக்ரூ’ ஆகிறது என்று எழுதுவார்கள். அங்கே சிறுகச் சிறுகச் சேர்வது ஒன்றும் இல்லை, ஒரு நாளில் அந்த உரிமை பிறக்கிறது, காலக்கெடு அந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. காணி வழக்குக் காகிதங்களில் கண்டால் குழம்ப வேண்டாம், சட்டத்தரணியிடம் அந்தத் திகதி எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எழுத்துக்கூட்டல், ஏனென்றால் விண்ணப்பக் கடிதங்களில் இதுவும் பார்க்கப்படுகிறது. ஏ, இரண்டு சி, ஒரு ஆர், யூ, ஈ. இங் சேர்க்கும்போது ஈ விழுந்துவிடும், இறந்தகாலத்தில் டி மட்டும் ஒட்டும். பெயர்ச்சொல் ‘அக்ரூவல்’, அதிலும் ஈ இல்லை. அழுத்தம் இரண்டாவது அசையில், ‘ரூ’வில். வருகிற ஞாயிறு வகுப்பில் லீசிங் ஒப்பந்தம் ஒன்றை முழுதாக வாசிக்கப் போகிறோம். வீட்டில் இருப்பதைப் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துப் பிரதி எடுத்து வந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.